ஏஜென்ட்ட நம்பலாம், சாவிய மட்டும் எண்ணிக் கொடுங்க

வீட்ட விக்க ஏஜென்ட்கிட்ட கொடுத்துட்டா தலைவலி விட்டுச்சுனுதான் நானும் நினைச்சேன். ரெண்டாவது வாரம் யாரோ வந்து பார்த்துட்டுப் போனாங்க, அன்னைக்கு ராத்திரி பின்பக்க ரூமுக்குப் போனா ஜன்னல் சாத்தியிருக்கு, ஆனா கொக்கி போடல. பார்க்கிறதுக்கு மூடின மாதிரியேதான் இருக்கு, வெளிய நின்னு ஒரு விரல் வச்சு இழுத்தா திறந்துக்கும். அந்த ஜன்னல நாங்க திறந்தே பல மாசம் ஆச்சு. ஏஜென்ட்கிட்ட கேட்டா "காத்து வருதானு பார்த்திருப்பாங்க சார்"னு சொல்றார். சரி இருக்கலாம், யார் வந்தாங்கனு கேட்டேன், "நம்ம பையன்தான் கூட்டிட்டு வந்தான்"னார். அந்தப் பையன் யாருனு எனக்குத் தெரியாது, வந்தவங்க யாருனு பையனுக்கே தெரியாது.

ஒண்ணும் திருடு போகல. ஆனா யோசிச்சுப் பார்த்தா தப்பு அத்தனையும் என்னோடது, ஏஜென்ட் நல்ல மனுஷன்தான், நான் அவரை நம்பினதுல தப்பில்ல, அவர் பின்னாடி வர்ற ஊர்பேர் தெரியாத ஆளுங்களையும் அதே கணக்குல நம்பினதுதான் தப்பு.

முதல் தப்பு சாவி. நான் சாவிக்கொத்த அப்படியே தூக்கிக் கொடுத்தேன், அதுல பீரோ சாவி கூட தொங்கிட்டு இருந்துச்சு! வாசக்கதவு சாவி ஒண்ணே ஒண்ணு போதும், அதுவும் யார்கிட்ட, என்னைக்கு, எத்தனைனு ஒரு மெசேஜ்ல எழுதி அவர்கிட்ட "ஓகே" வாங்கிக்கங்க. சாவிய டூப்ளிகேட் எடுக்க கையில கூட வேணாம்ங்க, 2008ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான் டியாகோ வளாகத்துல ஆராய்ச்சியாளர்கள் கிட்டத்தட்ட 200 அடி தூரத்துல இருந்து எடுத்த போட்டோவ வச்சே சாவியோட வெட்டுகள கணக்குப் போட்டுக் காட்டினாங்க. அதனால சாவிய மேஜை மேல, சுவத்து ஆணில மாட்டி வைக்கிறதும் தப்புதான்.

சில இடத்துல சாவிய ஒரு நம்பர் பெட்டிக்குள்ள போட்டு கதவு கைப்பிடில மாட்டிடுவாங்க. வசதிதான், ஆனா பட்டன் அமுக்குற டைப் பெட்டி நிறையதுல எந்த வரிசையில அமுக்கினாலும் திறக்கும். பத்து பட்டன்ல நாலு பட்டன ரகசிய நம்பரா வச்சா மொத்தமே 210 விதம்தான், வரிசை முக்கியம்னு இருக்கிற நாலு இலக்க நம்பர்னா 10,000 விதம். அதுலயும் தினமும் அமுக்குற பட்டன் மட்டும் தேய்ஞ்சு பளபளனு காட்டிக் கொடுத்துடும். வச்சே ஆகணும்னா வாரம் ஒருக்கா அந்த நம்பர மாத்துங்க.

அடுத்தது போட்டோ. இத யாருமே பெருசா எடுத்துக்கிறதில்ல. வீடு பெருசா தெரியணும்னு ஏஜென்ட் அகலமா எடுப்பார், அதுல ஹால் மட்டுமா வருது, அலாரம் எங்க இருக்கு, கேமரா எந்தப் பக்கம் பார்க்குது, பின்கதவுல என்ன பூட்டு, பிள்ளையோட ஸ்கூல் சர்டிஃபிகேட்ல பேரு, எல்லாம் வந்துடுது. ஜூம் பண்ணிப் பாருங்க, அப்ப தெரியும். போன்ல லொக்கேஷன் ஆன்ல இருந்தா போட்டோ ஃபைலுக்குள்ளயே வீடு இருக்கிற இடம் பதிஞ்சுடும், அதனால ஆஃப் பண்ணிட்டு எடுங்க. விளம்பரத்துல "வீடு காலியா இருக்கு, எப்ப வேணா பார்க்கலாம்"னு போட விடாதீங்க, அது வாங்க வர்றவனுக்கு மட்டும் போற தகவல் இல்ல.

பார்க்க வர்ற நாள்ல நடக்கிற பழைய வித்தை ஒண்ணு இருக்கு. ரெண்டு பேர் வருவாங்க, ஒருத்தர் கிச்சன்ல நின்னு குழாய், தண்ணி, வயரிங்னு கேள்வி மேல கேள்வி கேட்பார், இன்னொருத்தர் "பாத்ரூம் யூஸ் பண்ணிக்கலாமா"னு உள்ள போயிடுவார். பாத்ரூம் அலமாரில மாத்திரை, பெட்ரூம் டிராயர்ல வாட்ச், மோதிரம், பாஸ்போர்ட். சின்னச் சின்ன பொருள் போனா நமக்கே ஒரு மாசம் கழிச்சுதான் தெரியும், அதுக்குள்ள இருபது பேர் வந்து போயிருப்பாங்க, யாரைக் கேட்பீங்க? அதனால இதையெல்லாம் முன்னாடியே வீட்ட விட்டு வெளிய கொண்டு போய் வச்சுடுங்க, ஒளிச்சு வைக்கிறேன்னு துணிக்கு அடில வைக்காதீங்க, எல்லாரும் முதல்ல தேடுறதே அங்கதான். ஒரு நேரத்துல ஒரு குடும்பம், ஏஜென்ட் கூடவே ரூம் ரூமா போகணும், இத முதல் நாளே பேசிடுங்க.

வர்றவங்க பேரு, நம்பர், அடையாள அட்டை முன்கூட்டியே வாங்கச் சொன்னா சில ஏஜென்ட் முகம் சுளிப்பார், "பார்ட்டி கோவிச்சுக்கும் சார்"னு. இது அவருக்கும் சேர்த்துதான். 1986ல லண்டன்ல ஒரு இளம் பெண் ஏஜென்ட், வீடு காட்டணும்னு டைரில ஒரு ஆள் பேரு எழுதி வச்சுட்டுப் போனாங்க, திரும்பி வரவே இல்ல, இன்னைக்கு வரைக்கும் உடல் கூட கிடைக்கல. பேரு மட்டும் வாங்கி வச்சா பத்தாதுனு நான் சொல்றது இதுக்குத்தான்.

வைஃபை பாஸ்வேர்ட ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருந்தா கிழிச்சுடுங்க. கேமரா இருந்தா வர்றவங்ககிட்ட சொல்லிடுங்க, பேச்ச ரெக்கார்டு பண்றது பல நாட்டுல சட்டப்படி சிக்கல். "நாங்க அடுத்த வாரம் வெளியூர்"னு நீங்களே வாயக் கொடுக்காதீங்க. ஒரிஜினல் பத்திரத்த ஏஜென்ட் கையில கொடுக்கவே கூடாது, காப்பி கேட்டா பக்கத்துக்குப் பக்கம் குறுக்க "பார்வைக்கு மட்டும்"னு எழுதி தேதி போட்டுக் கொடுங்க.

நான் அப்புறம் ஒவ்வொரு தடவை ஆளுங்க போனதும் ஜன்னல், பின்கதவு, மாடிக்கதவுனு கையால தள்ளிப் பார்த்துட்டுதான் உட்காருவேன், கண்ணால பார்த்தா பத்தாது.

வீடு வித்து முடிஞ்ச அன்னைக்கு ஏஜென்ட் சிரிச்சுக்கிட்டே ஒரு கவர நீட்டினார், திறந்தா ரெண்டு வாசக்கதவு சாவி. கொத்த திருப்பி வாங்கிட்டு நான் கொடுத்தது ஒண்ணுதான். "பையனுக்கு வசதியா இருக்கட்டும்னு ஒண்ணு வெட்டிக்கிட்டோம் சார்"னார் சாதாரணமா. வாங்கினவர்கிட்ட ரெண்டையும் கொடுத்துட்டு, குடிவர்றதுக்கு முன்னாடி பூட்ட மாத்திடுங்கனு சொல்லிட்டு வந்தேன்.