சமணமலைக்கு ஒரு காலை நடை: குழுவை அழைத்துப் போகிறவருக்கான குறிப்புகள்

மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குன்றுகளை ஒரே நாளில் மூன்று, நான்கு என்று பார்த்துவிடத் திட்டம் போட்டால் பெரும்பாலும் சொதப்பும். காலை ஆறரைக்கு யானைமலை, ஒன்பதுக்கு அரிட்டாபட்டி, பதினொன்றுக்கு மாங்குளம் என்று தாளில் எழுதினால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பதினொரு மணி வெயிலில் பாறைமேல் நிற்கிற யாருக்கும் கல்வெட்டு கண்ணில் படாது, நிழல் எங்கே என்பதுதான் படும். ஒரு மாதத்துக்கு ஒரு மலை போதும். புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு முதல் மலையாகக் கீழக்குயில்குடி சமணமலை பொருத்தமானது. பேருந்து வசதி உண்டு, படி வெட்டியிருக்கிறது, ஏற்றம் பெரிதில்லை. சிற்பம், கல்வெட்டு, சுனை எல்லாம் ஒரே குன்றில் கிடைக்கின்றன.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான ஞாயிறுகளையே முதலில் பாருங்கள். மலையடிவாரத்தில் தாமரைக்குளமும் அய்யனார் கோயிலும் இருக்கின்றன. மகா சிவராத்திரியை ஒட்டி குலதெய்வம் கும்பிட வருகிறவர்கள் கூட்டம் அதிகம் என்பதால் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். நாம் அங்கே விருந்தாளிகள். கோயில் முன்பாகச் செருப்பைக் கழற்றி, பூசாரி இருந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஏறுவதுதான் முறை. மழை பெய்த மறுநாள் போக வேண்டாம். பாறையில் பாசி படிந்த பகுதி ஈரத்தில் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும், இறங்கும்போதுதான் கால் போகும்.

ஒரு வாரம் முன்னால்

இருவர் போய்ப் பார்த்துவர வேண்டும், அதுவும் குழு எந்த நேரத்தில் போகுமோ அதே நேரத்தில். இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். மாலையில் போய்ப் பார்த்துவிட்டு, காலையில் குழுவைக் கூட்டிப் போனால் வெளிச்சம் வேறு திசையிலிருந்து விழுகிறது, முந்தைய வாரம் பளிச்சென்று தெரிந்த எழுத்து காணாமல் போகிறது. ஒவ்வொரு சிற்பத்தின் முன்னும் நின்று, எத்தனை மணிக்கு வெயில் பக்கவாட்டில் விழுகிறது, எப்போது நேராக அடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எதை முதலில் பார்ப்பது என்பதை அந்தக் குறிப்பே சொல்லிவிடும்.

பாறை விளிம்பில் மலைத்தேனீக் கூடு இருக்கிறதா என்றும் அப்போதே பார்க்க வேண்டும். இருந்தால் அந்தப் பக்கம் போகாமல் திட்டத்தை மாற்றுங்கள். புகை, வாசனைத் திரவியம், கூச்சல் மூன்றும் தேனீயைக் கிளப்பும். கிளம்பிவிட்டால் கையை வீசாமல் முகத்தை மூடிக்கொண்டு வேகமாக விலகி ஓடுவதே வழி. தண்ணீரில் குதித்தால் மேலேயே காத்திருக்கும். கொட்டிய கொடுக்கைத் தாமதிக்காமல் உடனே எடுத்துவிட வேண்டும். நேரம் போகப் போக விஷம் கூடுதலாக இறங்கும். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்கக் கூடாது, நேராக மருத்துவமனைக்குத்தான்.

மலையில் கழிப்பறை கிடையாது. பெண்களும் வயதானவர்களும் வருவதா வேண்டாமா என்று யோசிப்பதற்கு இதுவே காரணம், ஆனால் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். வழியில் நாகமலைப் புதுக்கோட்டையில் எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே பேசி வைத்து, அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

அறிவிப்பு வாட்ஸ்அப்பில் போவதால் சுருக்கமாக இருக்கட்டும்: "ஞாயிறு காலை 6.15, நாகமலைப் புதுக்கோட்டை. கழிப்பறை வசதி அங்கேதான். 6.45 கீழக்குயில்குடி குளக்கரை. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், தொப்பி, பிடிமானமுள்ள காலணி. தட்டும் டம்ளரும் வீட்டிலிருந்து. 10.30-க்குக் கீழே இறங்கிவிடுவோம். சுண்ணாம்பு, சாக்பீஸ், எண்ணெய் எதுவும் கொண்டுவர வேண்டாம்." அந்தக் கடைசி வரிக்கு ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள். கேட்கட்டும்.

முப்பது பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். ஐந்து பேருக்கு ஒருவர் பொறுப்பு, முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். கடைசியில் வருகிறவர் எல்லோரையும்விடப் பொறுமைசாலியாக இருக்க வேண்டும். பொங்கல், வடை என்று முதலிலேயே தின்றால் ஏறும்போது மூச்சு வாங்கும். இரண்டு இட்லியோடு ஏறி, இறங்கி வந்து பொங்கல் தின்னலாம்.

மலைமேல்

முதலில் பேச்சிப்பள்ளம். அய்யனார் கோயிலுக்குப் பின்னாலிருந்து பாறையில் வெட்டிய படிகள் போகின்றன, ஓரத்தில் கம்பித் தடுப்பு உண்டு. சுனைக்கு மேலே பாறை முகத்தில் வரிசையாகச் சிற்பங்கள். ஐந்தலை நாகம் குடை பிடித்திருப்பவர் பார்சுவநாதர், சமணர் வழிபடும் தீர்த்தங்கரர்களில் ஒருவர். கொடி சுற்றிய காலோடு நிற்பவர் பாகுபலி என்ற சமணத் துறவி. இந்த இரண்டையும் முதலில் காட்டிவிட்டால் மற்றவற்றை அடையாளம் காணும் ஆர்வம் தானே வரும். எல்லாவற்றையும் நீங்களே சொல்லிக்கொண்டு போகாதீர்கள். "இவருக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டுவிட்டு, இரண்டு நிமிடம் வாயை மூடிக்கொண்டு நிற்பது கடினமான வேலைதான். ஆனால் அதுதான் பலன் தரும்.

சிற்பங்களின் கீழே உள்ளவை வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டுகள், கி.பி. 9, 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. புதியவர்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல இடம் அமையாது, ஏனென்றால் வாசகம் திரும்பத் திரும்ப ஒரே அச்சில் வருகிறது: இன்னார் செய்வித்த திருமேனி. அவற்றில் ஒன்று, "ஸ்ரீ அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி ஸ்ரீ" என்கிறது. மதுரைப் பக்கத்துக் குன்றுகள் பலவற்றில் பெயர் காணப்படும் துறவி அச்சணந்தி. இங்கே அவருடைய அம்மாவின் பெயர், ஆயிரம் ஆண்டுக்கு மேலாக.

வாசிக்கத் தொடங்குகிறவருக்கு முதல் கைப்பிடி "ஸ்ரீ". அது வடமொழிச் சொற்களுக்குப் பயன்பட்ட கிரந்த எழுத்தில் இருப்பதால் மற்ற எழுத்துகளிலிருந்து தனித்துத் தெரியும். இரண்டாவது கைப்பிடி "திருமேனி". ஒரு கல்வெட்டில் அந்தச் சொல்லைக் கண்டுகொண்டால் அதிலுள்ள த, ர, ம, ன எழுத்துகளின் வடிவம் கையில் வந்துவிடும், அடுத்த கல்வெட்டில் அவற்றைத் தேடலாம். வட்டெழுத்தில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எனவே மெய்யா உயிர்மெய்யா, எகரமா ஏகாரமா என்பதைச் சூழலை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். ப, வ, ய மூன்றும் பழகாத கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். இதில் எல்லோரும் தடுமாறுவார்கள், அதற்காக வெட்கப்படத் தேவையில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எழுத்து அட்டவணையை ஆளுக்கொன்று அச்செடுத்துக் கொடுப்பது நல்லது. கைப்பேசியில் வைத்துக்கொண்டால் வெயிலில் திரை தெரியாது.

இன்னும் மேலே ஏறினால் மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளி இருந்த இடத்தின் அடித்தளமும், தீபத்தூண் பக்கம் ஒரு கன்னடக் கல்வெட்டும் உண்டு. மூச்சுள்ளவர்கள் போய்வரட்டும், மற்றவர்கள் சுனையருகே உட்காரலாம்.

அடுத்துப் பார்க்க வேண்டிய செட்டிப்புடவு குன்றின் மறுபக்கம், தென்மேற்கில் இருக்கிறது. கீழே இறங்கிச் சுற்றித்தான் போக வேண்டும், மேலேயே குறுக்கே போகலாம் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். புடவு என்றால் குகை. வெளியே முக்குடையின் கீழ் அமர்ந்திருக்கும் பெரிய தீர்த்தங்கரர் உருவத்தின் நீண்ட காதுகளைப் பார்த்து ஊர்மக்கள் செட்டியார் என்று சொன்னதில் வந்த பெயர். உள்ளே குனிந்து போய் அண்ணாந்து பார்த்தால், சிங்கத்தின் மேலிருந்து யானைமேல் வரும் வீரனோடு பொருதும் இயக்கி, அதாவது சமணப் பெண் தெய்வம். முதலில் இரண்டு நிமிடம் கண் இருட்டுக்குப் பழகட்டும். நுழைந்ததும் எல்லோரும் கைப்பேசி விளக்கைப் போட்டால் புடைப்பு முழுக்கத் தட்டையாகிவிடும். ஒரே ஒரு டார்ச், சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில். அப்போது சிங்கத்தின் பிடரி வரிகள்கூட எழுந்து நிற்கும்.

படமெடுப்பதில்

எழுத்தைக் காட்டுவது நிழல். நேர் வெளிச்சத்தில் வெட்டிய பள்ளத்துக்கும் பாறைக்கும் வேறுபாடே இருக்காது. வெயில் நேராக அடித்தால் இருவர் கறுப்புக் குடை பிடித்துக் கல்லை நிழலாக்குங்கள், மூன்றாமவர் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிய கோணத்தில் ஒரு முழம் தள்ளிப் பிடிக்கட்டும். கைப்பேசியைத் தாங்கியில் அசையாமல் நிறுத்தி, ஃபிளாஷை அணைத்துவிட்டு, வெளிச்சம் இடமிருந்து, வலமிருந்து, மேலிருந்து, கீழிருந்து என்று நான்கு படம். ஒரு கோடு எந்தத் திசையில் ஓடுகிறதோ அதே திசையில் வெளிச்சம் போனால் அந்தக் கோடு மறைந்துவிடும், குறுக்கே விழுந்தால்தான் தெரியும். ஒரே படத்தை நம்பி வாசித்தவர்கள் எழுத்தின் பாதியை விட்டுவிடுவது இதனால்தான்.

முதலில் பாறை முழுதும், பிறகு சிற்பத்தோடு கல்வெட்டு, பிறகு வரி வரியாக. அடுத்தடுத்த படங்களில் மூன்றில் ஒரு பங்கு ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். ஓரத்தில் 10 செ.மீ. அளவுகோலை யாராவது கையில் பிடித்திருக்கட்டும், எழுத்தின்மேல் சாய்த்து வைக்க வேண்டாம். அன்று மாலையே கோப்புக்குப் பெயர் மாற்றிவிடுங்கள்: தேதி, இடம், சிற்பத்தின் வரிசை எண், வெளிச்சத்தின் திசை. ஒரு வாரம் தள்ளிப்போட்டால் எந்தப் படம் எந்தச் சிற்பத்தினுடையது என்று எடுத்தவருக்கே தெரியாது.

சாக்பீஸ், சுண்ணாம்பு, மாவு, எண்ணெய் ஏன் கூடாது? முதற்காரணம், நீங்கள் சரியென்று நினைத்து நிரப்பிய கோடு தவறாக இருந்தால் அடுத்து வருகிறவர் கல்லை வாசிக்கமாட்டார், உங்கள் தவற்றைத்தான் வாசிப்பார். இரண்டாவது, பொருக்கு விட்டிருக்கும் பாறையைத் தேய்த்தால் எழுத்தோடு சேர்ந்தே உதிரும். எண்ணெய் தூசியைப் பிடித்துவைத்துப் பள்ளத்தை அடைக்கும். சட்டமும் இருக்கிறது. சமணமலை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010-இல் செய்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மைப்படி: மலையில் வேண்டாம், வீட்டு முற்றத்தில்

கல்மேல் ஈரத்தாளைப் பதித்து மை ஒற்றி எடுக்கும் நகல்தான் மைப்படி. கல்வெட்டை அப்படி எடுக்க எல்லோருக்கும் ஆசை வரும். பாதுகாக்கப்பட்ட இடத்தில் துறையின் அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. அதற்குப் பதில் மாதத்தின் இன்னொரு ஞாயிறில் பயிற்சி வையுங்கள். பெயர்ப்பலகைக் கல் வெட்டும் பட்டறையில் எழுத்துப் பிழையால் ஒதுக்கிய துண்டு ஒன்றரை அடி நீளத்தில் கிடைத்தால் போதும்.

கல்லை நார் பிரஷ்ஷும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள், கம்பி பிரஷ் கூடாது. கல்லைவிட நான்கு பக்கமும் மூன்று விரற்கடை பெரிதாகத் தாளை வெட்டி, நனைத்து, கல்மேல் விரியுங்கள். நடுவிலிருந்து விளிம்பு நோக்கிக் காற்றுக் குமிழியை வெளியேற்றிவிட்டு, பிரஷ்ஷால் செங்குத்தாகத் தட்டுங்கள். தேய்த்தால் தாள் கிழியும். தட்டத் தட்ட, எழுத்துள்ள இடத்தில் தாள் உள்ளே இறங்குவது கண்ணுக்கே தெரியும். பிறகு காத்திருக்க வேண்டும், அவசரக்காரர்கள் கெடுப்பது இங்கேதான். தாளின் ஈரப் பளபளப்பு போய், புறங்கையை வைத்தால் சில்லென்று மட்டும் இருக்கிற பதம் சரி. அதற்கு முன்னால் மை வைத்தால் ஊறிப் பரவும். நன்றாகக் காய விட்டால் தாள் கல்லைவிட்டு எழும்பிவிடும். காற்றடிக்கும் நாளில் இந்தப் பதம் சில நிமிடங்களிலேயே கடந்துபோகும், அதனால் நிழலில் செய்யுங்கள்.

பஞ்சைத் துணியில் பொதிந்து கட்டிய உருண்டையைக் கரிமையில் தொட்டு, முதலில் தட்டில் ஒற்றி உபரியை நீக்கி, பிறகு தாள்மேல் மெல்ல ஒற்ற வேண்டும். முதல் சுற்றில் சாம்பல் நிறம் வந்தால் போதும், இரண்டாம் மூன்றாம் சுற்றில் கறுக்கட்டும். பள்ளத்தில் மை படாமல் எழுத்து வெள்ளையாக நிற்கும். ஒருமுறை இதைச் செய்தவர் அடுத்த மாதம் மலைக்கு வரும்போது, உளி எங்கே தொடங்கியது, எங்கே திரும்பியது என்று பார்க்க ஆரம்பித்திருப்பார்.

கண்டெடுத்தால்

பானை ஓடு, மணி, காசு எது கண்ணில் பட்டாலும் இருந்த இடத்திலேயே விட்டுப் படமெடுங்கள். மண்ணடுக்கிலிருந்து பிரித்துவிட்டால் அது வெறும் ஓடு. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்திருந்து கிடைத்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிப்பது கடமை. பாதுகாப்பில்லாத இடத்தில் நடுகல்லோ கல்வெட்டோ புதிதாகத் தென்பட்டால் வரைபடப் புள்ளியைப் பொதுவில் பகிராதீர்கள். புதையல் தேடி கடப்பாரையோடு வருகிற கூட்டம் நம்மைவிடச் சுறுசுறுப்பானது. பத்திரிகைக்குப் போவதற்கு முன் இந்தியக் கல்வெட்டு ஆண்டறிக்கைகளையும், பாண்டியர் கல்வெட்டுகள் அடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுகள் 14-ஆம் தொகுதியையும் புரட்டுங்கள். "புதிய கண்டுபிடிப்பு" என்று செய்தி வந்தபின் அது முன்பே பதிவானது என்று தெரிந்தால் அடுத்த முறை உண்மையிலேயே புதியது கிடைத்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

வாசிப்பைக் குழுவில் பதிவிடும்போது கல்லில் உள்ள வரி ஒன்று, உங்கள் பதிவில் வரி ஒன்று என்றே எழுதுங்கள், சேர்த்து எழுத வேண்டாம். தெரியாத எழுத்துக்குப் புள்ளி, ஊகித்த எழுத்துக்குச் சதுர அடைப்பு. பக்கத்தில் எந்தப் படத்தைப் பார்த்து வாசித்தீர்கள் என்று கோப்பின் பெயர்.