பழைய லாரியில் அதிர்வா? கிராஸை மாற்றும் முன் கொஞ்சம் பொறுங்கள்

லாரி ஓடும்போது அடியில் நடுங்கினால் நம் ஆட்கள் உடனே ஒரு புது கிராஸ் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டின் முனையில் இருக்கும் சிலுவை மாதிரியான மூட்டு) வாங்கி மாட்டிவிடுவார்கள். கிராஸ் தேய்ந்தும் இருக்கலாம், ஆனால் நடுக்கம் எதோடு சேர்ந்து கூடிக் குறைகிறது என்று பார்க்காமல் ஸ்பேனரைத் தொடுவதுதான் முதல் தவறு.

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஆக்ஸிலேட்டரை மெல்ல ஏற்றுங்கள். அப்போதே உதறினால் இன்ஜின் மவுண்டிங், கிளட்ச் பக்கம் பாருங்கள். வண்டி நிற்கும்போது ஒன்றுமில்லை, ஐம்பதில் மட்டும் வருகிறது என்றால், இன்ஜின் தாங்கினால் அதே ஐம்பதை ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள். அப்போதும் அதே வேகத்தில் வந்தால் கோளாறு கியர்பாக்ஸுக்குப் பின்னால்தான். இதைப் பார்க்க மலை இறக்கத்தில் நியூட்ரல் போடுபவர்களும் இருக்கிறார்கள், கும்பிட்டுச் சொல்கிறேன், வேண்டாம்.

சரி, சக்கரமா ஷாஃப்டா? ஆக்ஸில் விகிதம் 6 என்றால் சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஷாஃப்ட் 6 சுற்று போய்விடும். 10.00-20 டயரோடு 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு சுமார் 5 சுற்று, ஷாஃப்ட் 30-க்கு மேல். அதனால் ஸ்டீயரிங் தடதடவென ஆடினால் பெரும்பாலும் டயர், வீல்; சீட்டுக்கடியில் கிர்ரென்று வந்தால் ஷாஃப்ட்.

அடையாளம் வைக்காமல் ஸ்பிளைனை (ஷாஃப்டின் இரு பகுதிகளும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பல் வைத்த இணைப்பை) உருவுவது முதலில் சொன்னதைவிடப் பெரிய தவறு. சாய்வாக ஓடும் கிராஸ் சீராகச் சுற்றாது, சுற்றுக்கு 2 முறை வேகம் கூடிக் குறையும். முன் கிராஸ் கெடுப்பதைப் பின் கிராஸ் சரிக்கட்ட வேண்டுமென்றால் பெரும்பாலான வண்டிகளில் ஷாஃப்டின் இரு முனை யோக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவை) ஒரே நேரில் நிற்க வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் போச்சு, பழி கிராஸ் விற்ற கடைக்காரர் தலையில் விழும். கழற்றும் முன் ஸ்பிளைனின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போடுங்கள், ஒரு நிமிட வேலை.

இன்ஜினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, ஷாஃப்டைக் கையால் இரண்டு பக்கமும் திருகி ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். கிராஸ் முனையை மூடும் கப்பின் விளிம்பில் செங்கல் தூள் மாதிரி துரு தெரிந்தால் உள்ளே கிரீஸ் வறண்டுவிட்டது.

லோடோடு நகரும்போது மட்டும் உதறினால், நீள ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பரைப் பாருங்கள். ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்த்த வண்டியில் பின் ஆக்ஸில் ஹவுசிங்கின் கோணமே மாறியிருக்கும், அதற்கு எத்தனை கிராஸ் மாற்றினாலும் பயனில்லை. பேலன்சிங்குக்கு அனுப்பும் முன் ஷாஃப்டில் காய்ந்த மண்ணைச் சுரண்டிவிட்டு, பேலன்சுக்காக வைத்த எடைத் தகடு விழுந்த வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.