வயர் பாஸ் வழியாக பக்ஸ்கின் பிளவுப் பள்ளத்தாக்கிற்குள் ஒரு நாள் நடை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், அரிசோனா எல்லையை ஒட்டிய பாலை நிலத்தில், கனாப், பேஜ் என்னும் இரண்டு சிற்றூர்களுக்கு இடையே பக்ஸ்கின் கல்ச் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. இருபுறமும் செங்குத்தாக எழும் மணற்பாறைச் சுவர்கள், அவற்றின் நடுவே சில இடங்களில் இரு கைகளையும் விரிக்க முடியாத அளவுக்கு ஒடுங்கிய தரை, தலைக்கு மேலே ஒரு நாடாவைப் போலத் தெரியும் வானம் என்று அமைந்த இத்தகைய இடங்களை ஸ்லாட் கேன்யன் என்கிறார்கள். தமிழில் பிளவுப் பள்ளத்தாக்கு என்று சொல்லலாம். ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளமுள்ள பக்ஸ்கின், உலகின் மிக நீண்ட பிளவுப் பள்ளத்தாக்குகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. வயர் பாஸ் என்ற சிறிய கிளைப் பள்ளத்தாக்கின் வழியாக இதற்குள் இறங்கி, இயன்ற தூரம் நடந்துவிட்டு, வந்த வழியே திரும்புவது கயிறோ பாறையேற்றப் பயிற்சியோ இல்லாதவர்களும் மேற்கொள்ளக்கூடிய ஒரு நாள் நடையாகும். அதற்கு எப்படி ஆயத்தமாவது, உள்ளே எப்படி நடந்துகொள்வது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த இடம் எப்படி உருவானது என்று தெரிந்துகொள்வது நல்லது. எச்சரிக்கைகள் எல்லாவற்றுக்கும் காரணம் அதில்தான் இருக்கிறது. சுவர்களில் சாய்வாகவும் குறுக்காகவும் ஓடும் மெல்லிய வரிகள் ஜுராசிக் காலத்தில் இங்கே பரந்திருந்த மணல்மேடுகளின் சரிவுகள். அந்த மணல் இறுகிப் பாறையானது. பாறையில் விழுந்த விரிசல்கள் வழியே மழை வெள்ளம் மணலையும் கற்களையும் சுமந்துகொண்டு பாய்ந்து, அரத்தைப் போல அராவி, அகலத்தைவிட ஆழத்தை மிக வேகமாக வளர்த்தது. அந்த வேலை இன்னும் முடிந்துவிடவில்லை. ஆண்டின் பெரும்பாலான நாட்களில் உலர்ந்து கிடக்கும் ஓர் ஆற்றின் படுகைக்குள், ஆறு வராத நேரம் பார்த்து நாம் நடந்துவிட்டு வருகிறோம். உள்ளே போகும்போது தலைக்கு மேலே பல மீட்டர் உயரத்தில் முழு மரத்துண்டுகள் இரு சுவர்களுக்கும் இடையே செருகிக் கிடப்பதைக் காணலாம். அவற்றை அங்கே கொண்டுபோய் வைத்தது தண்ணீர்தான்.

இங்கே நிற்பவரைக் கொல்லும் மழை, அவர் நிற்கும் இடத்தில் பெய்ய வேண்டிய தேவையே இல்லை. சுற்றியுள்ள நிலம் பெரும்பாலும் வெறும் பாறையும் இறுகிய மண்ணுமாக இருப்பதால், பெய்யும் நீரில் கொஞ்சமே உள்ளே இறங்குகிறது. மிச்சமெல்லாம் வழிந்தோடிப் பள்ளத்தாக்கில் சேர்கிறது. அகன்ற ஓடையில் முழங்கால் அளவு ஓடிய வெள்ளம், ஒரு மீட்டர் அகல இடுக்கிற்குள் நுழையும்போது வேறு வழியின்றி மேல்நோக்கி எழுகிறது. 1997 ஆகஸ்ட் 12 அன்று, பேஜ் ஊருக்கு அருகே உள்ள கீழ் ஆன்டலோப் பள்ளத்தாக்கில் 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தது இப்படித்தான். மழை பெய்தது மேல்நீரோட்டத்தில் பல கிலோமீட்டர் தொலைவில். இது கோடைக்கால ஆபத்து மட்டுமே என்றும் எண்ணிவிடக் கூடாது. 2023 மார்ச்சில் இதே பக்ஸ்கினில் வெள்ளத்தில் சிக்கி இருவர் உயிரிழந்தனர்.

ஆகவே நாள் தேர்வுதான் இந்த நடையின் முதல் வேலை. ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை தெற்கிலிருந்து வரும் ஈரக்காற்றால் பிற்பகல் இடிமழை வழக்கமாகப் பெய்யும் காலம். அப்போது இந்தப் பக்கம் வராமலிருப்பதே என் பரிந்துரை. மே மாதமும் ஜூன் மாதமும் இப்பகுதியில் மிக உலர்ந்தவை. செப்டம்பர் இறுதியும் அக்டோபரும் வெயில் தணிந்து இதமாக இருக்கும், ஆனால் கோடை வெள்ளம் விட்டுச்சென்ற குட்டைகள் உள்ளே மிஞ்சியிருக்கலாம். மாதத்தைத் தேர்ந்த பிறகு நாளைத் தேர வேண்டும். அமெரிக்க தேசிய வானிலைச் சேவையின் சால்ட் லேக் சிட்டி அலுவலகம், தெற்கு யூட்டாவின் பள்ளத்தாக்குப் பகுதிகளுக்குத் திடீர் வெள்ள வாய்ப்பை நான்கு நிலைகளாகப் பிரித்து அறிவிக்கிறது: எதிர்பார்க்கப்படவில்லை, நேரலாம், நேரக்கூடிய வாய்ப்பு மிகுதி, எதிர்பார்க்கப்படுகிறது. முதல் நிலையைத் தவிர வேறு எது அறிவிக்கப்பட்டிருந்தாலும் நான் உள்ளே போகமாட்டேன். மேலும், நடைபாதை தொடங்கும் இடத்தின் முன்னறிவிப்பை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடைவது பெரும் பிழை. பக்ஸ்கினுக்கு நீர் தரும் மேட்டுநிலங்கள் வடக்கே வெகுதூரம் பரவியிருப்பதால், அந்த முழு நீர்ப்பிடிப்புப் பகுதியிலும் அன்றும் அதற்கு முந்தைய நாளும் மழை உண்டா என்று பார்க்க வேண்டும். கனாப் நகரில் உள்ள, அமெரிக்க அரசின் நில மேலாண்மைப் பணியகத்தின் அலுவலர்களிடம் முதல்நாளே பேசினால், குட்டைகளின் ஆழம், பாறைகள் நகர்ந்திருக்கின்றனவா என்பன போன்ற, எந்த வரைபடமும் காட்டாத செய்திகள் கிடைக்கும்.

இந்தப் பகுதி அந்தப் பணியகத்தின் பாதுகாப்பில் உள்ள காட்டுநிலம். ஒரு நாள் நடைக்கு ஆளுக்கு 6 டாலர் கட்டணத்தில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். இரவு தங்குவதற்கான அனுமதி தனி, அதற்கு நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் உண்டு. நடை தொடங்கும் இடத்தில் கைப்பேசி இணைப்பை நம்ப முடியாது என்பதால், ஊரில் இருக்கும்போதே இணையத்தில் சீட்டை வாங்கிக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 89ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து ஹவுஸ் ராக் பள்ளத்தாக்குச் சாலையில் திரும்பி, தெற்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் சென்றால் வயர் பாஸ் வண்டி நிறுத்துமிடம் வரும். இது தார் போடாத மண்சாலை. உலர்ந்திருக்கும்போது சாதாரணக் கார்களும் போய்வருகின்றன; மழை பெய்துவிட்டால் களிமண் சக்கரங்களில் அப்பிக்கொண்டு, நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியைக்கூட நகரவிடாது. இன்னொரு சிறு குழப்பமும் இங்கே உண்டு. யூட்டாவில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைப்பார்கள். பக்கத்து அரிசோனாவின் பெரும்பகுதியில் அந்த வழக்கம் இல்லை. எல்லையோரத்தில் கைப்பேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும் என்பதால், திரும்பும் நேரத்தைக் கணக்கிட ஒரு சாதாரணக் கைக்கடிகாரமே மேல்.

எடுத்துச் செல்லும் பை சிறியதாகவும் ஒடுக்கமாகவும் இருக்கட்டும். பக்கவாட்டில் தொங்கவிட்ட குடுவையும் கேமரா முக்காலியும் முதல் இடுக்கிலேயே மாட்டிக்கொள்ளும். உள்ளே குடிக்கத் தகுந்த நீர் கிடையாது. தேங்கிக் கிடப்பவை சேறும் அழுகிய பொருட்களும் கலந்த குட்டைகள். ஆகவே ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீரும் உப்புச் சுவையுள்ள தின்பண்டமும் கட்டாயம் வேண்டும். காலணி கணுக்காலைப் பிடித்து நிற்பதாகவும், உள்ளே புகுந்த நீரை வெளியே விடுவதாகவும் இருப்பது நல்லது; நீர்புகாக் காலணிகள் ஒருமுறை மேல்வழியாக நிரம்பிவிட்டால் நாள் முழுவதும் அந்த நீரைச் சுமந்துகொண்டே இருக்கும். முழங்கையைக் காக்கும் நீண்ட கைச்சட்டை, நீரின் ஆழம் பார்க்க ஓர் ஊன்றுகோல், நீர் புகாத உறைக்குள் ஒரு மாற்றுடை, பகல் நடையானாலும் ஒரு தலைவிளக்கு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியே வெயில் கொளுத்தும் நாளிலும் மாற்றுடை எதற்கு என்று தோன்றலாம். சூரிய ஒளியே படாத குட்டைகளின் நீர், வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் எலும்பு வரை குளிரும். இடுப்பளவு நனைந்தபடி நிழலிலும் காற்றிலும் மணிக்கணக்கில் நடப்பவருக்கு உடல் வெப்பம் இறங்கி, விரல்கள் மரத்து, சிந்தனை மந்தமாகத் தொடங்கும்.

நடை ஓர் அகன்ற மணல் ஓடையில் தொடங்குகிறது. தொடங்கி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்குள் வலப்புறமாக ஒரு பாதை மேலேறிப் பிரியும். அது தி வேவ் என்னும் புகழ்பெற்ற அலைப்பாறைக்குப் போவது, அதற்குக் குலுக்கலில் கிடைக்கும் தனி அனுமதி தேவை. நீங்கள் ஓடையை விடாமல் நேரே செல்ல வேண்டும். சுவர்கள் மெல்ல உயர்ந்து நெருங்கி வரும். இடுக்கிற்குள் நுழையும் முன் ஓரிடத்தில் நின்று, வானத்தின் எல்லாத் திசைகளையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். முழு வானத்தையும் பார்க்கக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு அது. தொலைவில் திரண்டு எழும் வெண்மேகம் ஒன்று தென்பட்டாலும் அன்றைய நடையை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அவ்வளவு தூரம் வண்டியோட்டி வந்து திரும்புவது மனத்துக்குக் கசப்பாகத்தான் இருக்கும். ஆனால் இந்த முடிவை உள்ளே போன பிறகு எடுக்க முடியாது.

வயர் பாஸ் இடுக்கில், மேலிருந்து விழுந்து சுவர்களுக்கு நடுவே சிக்கி நிற்கும் பாறைகளால் ஓரிடத்தில் ஆளுயரத்துக்கும் மேலான ஒரு படி உண்டு. ஒவ்வொரு வெள்ளமும் அடியிலுள்ள மணலை அரித்தோ நிரப்பியோ அதன் உயரத்தை மாற்றிவிடுகிறது. சில காலங்களில் யாராவது ஏணியோ கட்டையோ சார்த்தி வைத்திருப்பார்கள், அடுத்த வெள்ளம் அதை அடித்துச் செல்லும். இங்கே குதிக்காதீர்கள். இத்தகைய இடங்களில் கணுக்கால் முறிவது பெரும்பாலும் குதிப்பதால்தான். பையைக் கழற்றி முதலில் இறக்கிவிட்டு, பாறை விளிம்பில் உட்கார்ந்து, முதுகை ஒரு சுவரிலும் பாதங்களை எதிர்ச்சுவரிலும் அழுத்தியபடி சிறிது சிறிதாக இறங்க வேண்டும். குழுவில் திறமையானவர் முதலில் இறங்கி, மற்றவர்கள் இறங்கும் முன் அவரே ஒருமுறை மேலே ஏறிக் காட்டட்டும். இறங்க முடிந்த இடமெல்லாம் ஏற முடிந்த இடம் ஆகிவிடாது. இது வந்த வழியே திரும்பும் நடை என்பதை மறந்துவிடக் கூடாது. சிக்கி நிற்கும் பாறையில் முழு எடையையும் போடும் முன் அது அசைகிறதா என்று தள்ளிப் பாருங்கள். 2003 ஏப்ரலில், யூட்டாவின் புளூஜான் பள்ளத்தாக்கில் தனியாக இறங்கிய ஏரன் ரால்ஸ்டன் என்பவரின் வலக்கையை இப்படியொரு பாறை நகர்ந்து சுவரோடு நசுக்கிப் பிடித்துக்கொண்டது. எங்கே போகிறார் என்று அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஐந்து நாட்களுக்கு மேல் காத்திருந்து, இறுதியில் தம் முன்கையைத் தாமே அறுத்துக்கொண்டுதான் வெளியே வந்தார்.

மிக ஒடுங்கிய இடங்களில் பையை ஒரு கையில் பிடித்து இழுத்துக்கொண்டு, பக்கவாட்டில் நகர்ந்து செல்லுங்கள். மூச்சடைப்பது போன்ற அச்சம் எழுந்தால் நின்று, கண்ணை மேலே ஒளி வரும் பக்கம் திருப்பி, மெதுவாக மூச்சை வெளியே விட்டால் தணியும். தணியாவிட்டால் திரும்பிவிடுவதில் வெட்கம் ஏதுமில்லை.

புறப்பட்ட இடத்திலிருந்து ஏறத்தாழ 2.7 கிலோமீட்டரில் வயர் பாஸ் பக்ஸ்கினோடு கூடுகிறது. இடுக்கிலிருந்து வெளிப்பட்டதும் சட்டென்று பெரிய கூடம் ஒன்றுக்குள் நுழைந்தது போலிருக்கும். சுவரின் அடிப்பகுதியில் காட்டு ஆடுகளின் உருவங்கள் செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அவை இம்மண்ணின் தொல்குடியினர் பொறித்தவை. அவற்றைத் தொடக் கூடாது. அருகே பெயர் கிறுக்குவது சட்டப்படியும் குற்றம். கூடுமிடத்தை எதிர்ப்புறத்திலிருந்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது எல்லாத் திறப்புகளும் ஒன்றுபோலவே தோன்றும். உயர்ந்த சுவர்களுக்கு நடுவே ஜிபிஎஸ் காட்டும் இடமும் சரியாக இராது.

இங்கே வலப்புறம் திரும்பி, நீர் ஓடும் திசையில் நடந்தால் பக்ஸ்கினின் சிறந்த பகுதிகள் வருகின்றன. நண்பகலை ஒட்டிய நேரத்தில் மேற்சுவரில் படும் வெயில் எதிரெதிராக மோதித் தெறித்து, அடியில் ஆரஞ்சும் ஊதாவுமாக இறங்கி வருவதைக் காண்பதற்காகவே இத்தனை பாடும். தரையில் உருளைக்கற்கள், பிறகு மணல், பிறகு சேறு. குட்டை எதிர்ப்பட்டால் ஊன்றுகோலால் ஆழம் பார்த்த பிறகே அடுத்த அடி. ஈர மணல் காலை உள்ளே இழுத்தால் பதறி மேலே பிடுங்க முயலாதீர்கள். உடலைப் பின்னால் சாய்த்து, காலைச் சிறிதாக ஆட்டி ஆட்டி, அதைச் சுற்றி நீர் இறங்க விட்டால் பிடி தளரும். நிழல் தேடி வரும் நச்சுப் பாம்புகள் கற்களின் இடுக்கில் சுருண்டிருக்கலாம் என்பதால், பார்க்காத இடத்தில் கையை வைக்க வேண்டாம்.

இந்தப் பகுதியில் பல மணி நேரம் நடந்தாலும் பள்ளத்தாக்கை விட்டு மேலேறி வெளியேற ஏற்ற வழியே கிடையாது. எனவே நடக்கும்போதே சுவரில் ஏறி நிற்கத்தக்க திட்டுகள் எங்கே இருக்கின்றன என்று மனத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். தெளிந்த நீர் திடீரென்று கலங்குவது, மிதந்து வரும் சுள்ளிகள், நீர்மட்டம் ஏறுவது, மேல்பக்கமிருந்து வளர்ந்துகொண்டே வரும் இரைச்சல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும், பையைப் போட்டுவிட்டு, கிடைத்த உயரத்தில் ஏறிவிட வேண்டும். வெள்ளத்தை ஓடி முந்திவிடலாம் என்று நினைப்பது வீண். ஏறிய பிறகு, முதல் அலை வடிந்தது போலத் தெரிந்தாலும் உடனே இறங்கக் கூடாது. அடுத்த கிளை ஓடையின் வெள்ளம் பின்னாலேயே வரலாம். பல மணி நேரம், சில வேளை ஓர் இரவு முழுவதும், அங்கேயே இருக்க நேரும். மாற்றுடையும் தலைவிளக்கும் தேவைப்படுவது அப்போதுதான். ஆகவே அவற்றைப் பையில் போடாமல், இடுப்பில் கட்டும் சிறிய நீர்புகா உறையில் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

எவ்வளவு தூரம் போவது என்பதை இடத்தால் அல்லாமல் நேரத்தால் முடிவு செய்யுங்கள். கையிலுள்ள பகல் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு கழிந்ததும் திரும்பிவிட வேண்டும். திரும்பும் வழியில் சோர்வும் ஏற்றமும் சேர்ந்து வேகத்தைக் குறைக்கும். குப்பையும் மனிதக் கழிவும் உட்பட, கொண்டுபோனதும் உண்டானதும் அனைத்தும் பைக்குள் திரும்பி வர வேண்டும். கழிவுக்கென்றே விற்கப்படும் உறைகள் உண்டு. உலர்ந்த காற்றில், மழையும் மண்ணுயிரும் குறைந்த இந்த நிலத்தில், எதுவும் எளிதில் மக்குவதில்லை.

புறப்படும் முன், ஊரில் இருக்கும் நம்பகமான ஒருவரிடம் எந்த வழியாக நுழைகிறீர்கள், வண்டி எங்கே நிற்கும், எத்தனை பேர், எத்தனை மணிக்குள் செய்தி வரும் என்பதை எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்த நேரத்தைக் குறிக்கும்போது, மண்சாலையில் வண்டியோட்டி நெடுஞ்சாலைக்கு வந்து இணைப்பு கிடைக்க ஆகும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குறித்த நேரம் தாண்டினால் இப்பகுதியின் காவல் அலுவலகமான கேன் கவுண்டி ஷெரிஃப் அலுவலகத்தை அழைக்க வேண்டும் என்பதையும் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆகவே நெடுஞ்சாலையை அடைந்து கைப்பேசி உயிர்பெற்றதும், சேற்றுக் காலணியைக் கழற்றும் முன்னரே, நலமாக வெளியே வந்துவிட்டோம் என்று அவருக்குச் சொல்லிவிடுங்கள்.