ஜப்பானில் கட்டிய பென்ஷன் பணத்தை மதுரைக்குத் திரும்பியபின் வாங்குவது எப்படி?

ஜப்பான் பள்ளியில் முழுநேர ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்தால் பென்ஷன் பிடித்தம் கட்டாயம். விகிதம் 18.3%, பாதியைப் பள்ளி கட்டும். சம்பளம் 2,50,000 யென் என்றால் பென்ஷன் அட்டவணையில் அதற்குரிய 2,60,000 நிலையில் கணக்கிட்டு மாதம் 23,790 யென் உங்களிடம் பிடிப்பார்கள்.

6 மாதமாவது கட்டியிருந்து, மாத பென்ஷனுக்குத் தகுதியான 10 ஆண்டு நிறையாமல் ஊர் திரும்பினால் மொத்தத் தொகையாகக் கேட்கலாம். கிளம்புமுன் நகராட்சியில் முகவரியை நீக்குங்கள். அதிலிருந்து 2 ஆண்டுக்குள் ஜப்பான் பென்ஷன் அலுவலகத்துக்கு விண்ணப்பம் போய்ச்சேர வேண்டும். பாஸ்போர்ட் நகல், பென்ஷன் எண், வங்கிச் சான்று மூன்றும் தேவை.

நம்மவர்களுக்குச் சிக்கல் வருவது இனிஷியலில்தான். பாஸ்போர்ட்டில் 'மீனாட்சி சுப்பிரமணியன்', பாஸ்புக்கில் 'எஸ். மீனாட்சி' என்றிருந்தால் விண்ணப்பம் திரும்பிவர வாய்ப்புண்டு. முதலில் வங்கியில் பெயரை மாற்றுங்கள். மேலூர், உசிலம்பட்டிக் கிளைக்கு ஸ்விஃப்ட் கோடு (வெளிநாட்டுப் பணம் வருவதற்கான வங்கிக் குறியீடு) இல்லையென்றால், மதுரையில் எந்தக் கிளை வழியாகப் பணம் வரும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

20.42% வரி கழித்தே அனுப்புவார்கள். அதைத் திரும்பப் பெற அங்கே ஒரு வரிப் பிரதிநிதி, அதாவது உங்கள் சார்பில் வரி அலுவலகத்தில் விண்ணப்பிப்பவர், வேண்டும். நம்பகமான சக ஆசிரியரைக் கிளம்புமுன்பே நியமிப்பது நல்லது. பணத்துடன் வரும் அறிவிப்புத் தாளின் அசலை அவருக்கு அனுப்புங்கள்.

அவசரப்பட வேண்டாம்: பணத்தை எடுத்தால் கட்டிய காலம் அழிந்துவிடும். 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த இந்திய-ஜப்பான் ஒப்பந்தப்படி, இங்குள்ள பிஎஃப் காலத்தையும் அந்த 10 ஆண்டுக் கணக்கில் சேர்க்கலாம்.