சீரியல், பேரலல்: அதிவேக போர்டு வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேகம் என்றதும் புதிதாக போர்டு வடிவமைக்க வருபவர்கள் எண்ணத் தொடங்குவது கம்பிகளை. பல கம்பிகளில் பிட்டுகளை ஒரே நேரத்தில் அனுப்புவது பேரலல், ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவது சீரியல். 16 கம்பி இருந்தால் 16 மடங்கு என்ற கணக்கு மெதுவான கிளாக்கில் சரிதான். கிளாக் ஏற ஏற, எல்லா பிட்டும் ஒன்றாகப் போய்ச் சேர்வதில்லை. ஸ்க்யூ எனும் இந்த நேர வித்தியாசம் பிட்டின் நேரத்தையே தின்றுவிடும். ஹார்ட் டிஸ்க்கை இணைக்க 16 டேட்டா கம்பி கொண்ட பேரலல் ஏடிஏ நொடிக்கு 133 மெகாபைட்டோடு நின்றது. போக ஒரு ஜோடி கம்பி, வர ஒரு ஜோடி மட்டும் வைத்த அதன் சீரியல் வாரிசு சாட்டா 150-ல் தொடங்கியது.

பேரலல் பழக்கத்தை சீரியலுக்குக் கொண்டுபோவது

அதிகம் எரிச்சலூட்டுவது இதுதான். நான்கு லேன் (போக ஒரு ஜோடி, வர ஒரு ஜோடி சேர்ந்தது ஒரு லேன்) பிசிஐ எக்ஸ்பிரஸ் போர்டில், நான்கும் ஒரே நீளமாக இருக்க வேண்டுமென்று ட்ரேஸை, அதாவது போர்டில் பதித்த செப்புப் பாதையை, பாம்பு மாதிரி வளைத்து வைத்திருப்பார்கள். வேண்டாத வேலை. ஒவ்வொரு லேனும் தன் கிளாக்கை டேட்டாவுக்குள்ளேயே சுமந்து வருகிறது. லேன்களுக்கு இடையிலான தாமதத்தை ரிசீவர் பஃபரில் வைத்துச் சரிசெய்துகொள்ளும். மூன்றாம் தலைமுறையில், அதாவது லேனுக்கு நொடிக்கு 8 ஜிகாபிட் வேகத்தில், அது தாங்கும் அளவு 6 நானோசெகண்ட். எஃப்ஆர்4 எனும் வழக்கமான கண்ணாடியிழை போர்டில் ஒரு மில்லிமீட்டரைக் கடக்க சுமார் 7 பிகோசெகண்ட் ஆகும். அப்படியானால் 6 நானோசெகண்ட் என்பது 80 சென்டிமீட்டருக்கும் மேல். இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசத்துக்காக வளைத்தால் மிஞ்சுவது கூடுதல் சிக்னல் இழப்புதான்.

கவனம் போக வேண்டியது ஜோடிக்குள். ஒரே சிக்னலை எதிரெதிராகச் சுமக்கும் பிளஸ், மைனஸ் ட்ரேஸ்கள்தான் ஜோடி. கனெக்டர் பக்கத்து வளைவில் பிளஸ்ஸைவிட மைனஸ் 3 மி.மீ. நீண்டுவிட்டால் 21 பிகோசெகண்ட் போயிற்று. பிட்டின் நேரமே 125 தான். அதில் ஆறில் ஒரு பங்கு. இந்த வித்தியாசத்தை 0.13 மி.மீ.க்குள் வையுங்கள். நீளம் தப்பிய வளைவின் பக்கத்திலேயே குட்டையான ட்ரேஸில் சிறு மேடு வைத்துச் சரிசெய்யுங்கள். மறுமுனையில் சரிசெய்தால், நடுவில் உள்ள தூரம் முழுக்க இரண்டும் ஒத்துப்போகாமலே ஓடி, இரண்டிலும் ஒருசேர எழும் காமன் மோட் இரைச்சலைக் கிளப்பும்.

இந்தத் தவறு சத்தமில்லாமல் வேலை செய்யும். கார்டு தெரியும், டிரைவர் ஏறும், லிங்க் மட்டும் 8-லிருந்து 2.5 ஜிகாபிட்டுக்கு இறங்கியிருக்கும். இரண்டு வாரம் டிரைவரைக் குடைந்துவிட்டு, கடைசியில் போர்டையே மறுபடி அடிக்க நேர்ந்த குழுக்கள் உண்டு. லினக்ஸில் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளை தரும் விவரப் பட்டியலில் லிங்க் கேப்பபிலிட்டி (முடிந்த வேகம்), லிங்க் ஸ்டேட்டஸ் (இப்போது ஓடும் வேகம்) வரிகளை முதல் நாளே ஒப்பிட்டுவிடுங்கள். டேட்டா ஓடும்போது பார்க்க வேண்டும். சும்மா இருக்கையில் சில கார்டுகள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

லைன் ரேட்டையே டேட்டா வேகம் என்று எடுத்துக்கொள்வது

கம்பியில் நொடிக்கு 5 ஜிகாபிட் (அதுதான் லைன் ரேட்) ஓடும் யுஎஸ்பி 3.0-ஐ 8-ஆல் வகுத்து 625 மெகாபைட் என்று எழுதாதீர்கள். அங்கே 8 பிட் டேட்டா 10 பிட்டாகப் போகிறது. 10-ஆல் வகுத்தால் 500. பாக்கெட் தலைப்புகள் போக அதுவும் குறையும்.

பேரலல் காலாவதி என்று முடிவுகட்டுவது

டிடிஆர் மெமரி இன்றும் பேரலல்தான். நீளம் பொருத்தும் உழைப்பெல்லாம் அங்கே தேவை: 8 டேட்டா கம்பியும் அவற்றைப் படிக்க நேரம் காட்டும் ஸ்ட்ரோபும் ஒரே குழு, அதற்குள் பொருத்துங்கள்.

லேயர் மாறும் இடத்தில் கிரவுண்ட் வியாவை விட்டுவிடுவது

வியா என்பது லேயர்களை இணைக்கும் செப்புத் துளை. கிரவுண்ட் வியாவைச் சிக்னல் வியாவை ஒட்டியே வையுங்கள். ரிட்டர்ன் கரண்டுக்கும் வழி வேண்டும்.