‘டோன்ட் ஹெசிடேட் மீ’யில் என்ன தப்பு?

காரைக்குடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். என்னிடம் படிக்கும் தம்பி ஒருவர், கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடு ஒன்றைத் தங்கும் விடுதியாக்கிய இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே வந்த வெளிநாட்டு அம்மாவிடம், “டோன்ட் ஹெசிடேட் மீ மேடம்” என்றாராம். “அவங்க ஒண்ணும் புரியாம என்னையே பாத்தாங்க சார், என்ன தப்பு?” என்று வந்து நின்றார். அவருக்குச் சொன்னதுதான் இது.

படி 1: பொருளைப் பிடியுங்கள்

ஹெசிடேட் என்றால் தயங்கு. கூச்சப்படு என்பதல்ல, மறு என்பதும் அல்ல. இதன் லத்தீன் வேருக்கு ‘ஒட்டிக்கொள்’ என்று பொருள்; பசையைச் சொல்லும் ‘அட்ஹீசிவ்’ கூட அதே வேரில் முளைத்ததுதான். செய்யப் போகிற நேரத்தில் கையோ வாயோ ஒட்டிக்கொண்டாற்போல நின்றுவிடுகிறதே, அந்தக் கணம்தான் ஹெசிடேட்.

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் பாருங்கள். கண்ணாடிமேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகக் கலர் சிமென்ட்டை ஊற்றி, அச்சை ஒரே தூக்காகத் தூக்குவார்கள். தூக்கும்போது கை தயங்கினால் பூ கலங்கிவிடும். ‘ஹி டிட் நாட் ஹெசிடேட்’ என்று அந்தக் கையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

படி 2: உச்சரிப்பு

அழுத்தம் முதல் அசையில்: ‘ஹெ’. நடுவில் வருவது ‘சி’ அல்ல, வண்டு ரீங்கரிக்கும் இசட் ஒலி. இது போதும்.

படி 3: பின்னால் என்ன வரும்?

தம்பி சறுக்கியது இங்கேதான். ‘என்னைத் தயங்காதே’ என்று தமிழில் சொல்வோமா? மாட்டோம். தயங்கு என்பதற்குச் செயப்படுபொருள் கிடையாது, ஹெசிடேட்டுக்கும் கிடையாது. சந்தேகம் வந்தால் தமிழில் சொல்லிப் பாருங்கள், இந்தச் சொல்லுக்கு அந்தச் சோதனை நன்றாகவே வேலை செய்யும். ‘கூப்பிடத் தயங்காதீர்கள்’ என்பதில் வரும் ‘கூப்பிட’வுக்கு ஆங்கிலத்தில் ‘டு கால்’. ஆகவே, ‘ப்ளீஸ் டோன்ட் ஹெசிடேட் டு கால் மீ.’

ஒரு பொருளைப் பற்றிய தயக்கம் என்றால் ‘ஓவர்’ அல்லது ‘அபவுட்’: ‘ஷி ஹெசிடேட்டட் ஓவர் த ப்ரைஸ்.’ கண்டாங்கிச் சேலையைக் கையில் எடுத்துவிட்டு விலைச்சீட்டைப் பார்த்த ஆச்சி இவர். ஒன்றைச் செய்யுமுன் என்றால் ‘பிஃபோர்’: ‘ஹி ஹெசிடேட்டட் பிஃபோர் ஆன்சரிங்.’

‘ஐ ஆம் ஹெசிடேட்’ வேண்டவே வேண்டாம். ‘ஐ ஆம் ஹெசிடன்ட்’ என்பதுதான் சரி. பெயர்ச்சொல் ஹெசிடேஷன், விலகாமல் நீடிக்கும் தயக்கத்துக்கு ஹெசிடன்சி என்றும் உண்டு. 2019இல் உலக சுகாதார நிறுவனம் உலக நலனுக்கான பத்து அச்சுறுத்தல்களைப் பட்டியலிட்டபோது, ‘வாக்சின் ஹெசிடன்சி’ அதில் இருந்தது.

படி 4: எங்கே வைக்கக் கூடாது?

நம் வீட்டு விசேஷத்தில் இலை போட்டு, “கூச்சப்படாமச் சாப்பிடுங்க” என்று நாலு தடவை சொல்லாவிட்டால் விருந்தே இல்லை. அதை ‘டோன்ட் ஹெசிடேட் டு ஈட்’ என்று மாற்றாதீர்கள். சாப்பாட்டில் ஏதோ கோளாறு என்று விருந்தாளி நினைத்தாலும் நினைப்பார். அங்கே ‘ப்ளீஸ் ஹெல்ப் யுவர்செல்ஃப்’, இல்லை ‘டோன்ட் பி ஷை’.

மனசே இல்லை என்றால் அது ‘ரிலக்டன்ட்’. பரம்பரை வீட்டை விற்க ஐயாவுக்கு விருப்பமே இல்லையா? ரிலக்டன்ட். விற்கலாமா வேண்டாமா என்று பேனாவை எடுத்துவிட்டு நிறுத்துகிறாரா? ஹெசிடேட்.

இன்னொரு வேடிக்கை. ‘ஐ ஹெசிடேட் டு சே திஸ், பட்…’ என்று ஆரம்பிப்பவர் சொல்லாமல் விட மாட்டார். நம்மவர்கள் “நான் சொல்லக் கூடாது, இருந்தாலும்…” என்று இழுப்பார்களே, அச்சு அசல் அதேதான்.

படி 5: பயிற்சி

‘அப்பத்தா தயங்காமல் சாவியைக் கொடுத்தார்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். தயங்காமல் என்பதற்கு ‘வித்அவுட் ஹெசிடேட்டிங்’ போட்டாலும் சரி, ‘வித்அவுட் ஹெசிடேஷன்’ போட்டாலும் சரி. ‘வித்அவுட் ஹெசிடேட்’ என்று எழுதியிருந்தால் மட்டும் படி 3க்குப் போய் வாருங்கள்.