விசிலை எண்ணாதீர்கள், நிமிடத்தைப் பாருங்கள்

புதிதாகச் சமைக்கத் தொடங்குகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "குக்கரில் பருப்புக்கு எத்தனை விசில்?" என்பதுதான். அம்மாவைக் கேட்டால் நான்கு என்பார், அண்ணியைக் கேட்டால் ஆறு, யூடியூபில் பார்த்தால் மூன்று. மூவரும் அவரவர் அடுப்பில் சரியாகத்தான் சமைக்கிறார்கள். ஆனால் அந்த எண்ணை அப்படியே உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஒரு நாள் பருப்பு நறுக்கென்று நிற்கும், இன்னொரு நாள் சாதம் களியாகிவிடும். காரணம், விசில் என்பது நேரத்தைக் காட்டும் மணி கிடையாது. உள்ளே நீராவி வெயிட்டைத் தூக்கும் அளவுக்குச் சேர்ந்துவிட்டது, மிச்சம் வெளியே போகிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். பெரிய பர்னரில் தீயை முழுதாக வைத்தால் மூன்று விசிலும் இரண்டு நிமிடத்தில் வந்துவிடும். அதே குக்கரைச் சின்ன பர்னரில் வைத்தால் அந்த மூன்று விசிலுக்கே ஏழெட்டு நிமிடம் ஆகலாம். எண்ணிக்கை ஒன்றுதான், வெந்த நேரம் வேறு. மூன்று லிட்டர் குக்கருக்குச் சொன்ன கணக்கு ஐந்து லிட்டருக்குப் பொருந்தாததும், பாதி நிரம்பிய குக்கரும் கால்வாசி நிரம்பிய குக்கரும் ஒரே மாதிரி வேகாததும் இதனால்தான்.

நம் வீடுகளில் இருக்கும் சாதாரண குக்கரில் வெயிட் எழும்பும்போது உள்ளே வெளிக்காற்றைவிடச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் கூடுதலாக இருக்கும். திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் அந்த அழுத்தத்தில் 120 டிகிரி பக்கம் போகிறது. பருப்பை வேக வைப்பது அந்தக் கூடுதல் 20 டிகிரிதான். வெயிட் ஒருமுறை எழும்பிவிட்டால் உள்ளே வெப்பம் அதற்கு மேல் ஏறாது. தீயை எவ்வளவு கூட்டி வைத்தாலும் விசில் அடிக்கடி வருமே தவிர உணவு சீக்கிரம் வேகாது, கேஸ்தான் வீணாகும், உள்ளே இருக்கிற தண்ணீரும் ஆவியாகக் குறைந்துகொண்டே போகும். அதனால் முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்துவிட்டு அங்கிருந்து நிமிடத்தை எண்ணுங்கள். நான் சொல்ல வருவதன் சாரம் இவ்வளவுதான், மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

சிம்மில் வைத்த பிறகு வெயிட்டிலிருந்து லேசாக 'ஸ்ஸ்' என்ற சத்தம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், எப்போதாவது ஒரு விசில் வந்தாலும் பரவாயில்லை. சத்தமே இல்லாமல் அடங்கிப்போனால் தீ போதவில்லை, கொஞ்சம் கூட்டுங்கள். இரண்டு மூன்று நாள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் உங்கள் அடுப்பில் திருகை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று கைக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்று, மூடியை மூடியதுமே வெயிட்டைப் போட்டுவிடாதீர்கள். மூடியில் வெயிட் உட்காரும் குழாய் வழியாக நீராவி விடாமல் சீராக வரும் வரை பொறுத்து, அப்புறம் போடுங்கள். உள்ளே இருந்த காற்று அதற்குள் வெளியேறிவிடும். காற்றும் நீராவியும் கலந்திருந்தால், அழுத்தம் ஏறினாலும் வெப்பம் அந்த அளவுக்கு ஏறாது. இதில் இன்னொரு லாபமும் உண்டு, குழாய் அடைத்திருந்தால் வெயிட் போடுவதற்கு முன்பே தெரிந்துவிடும். (மூடியிலேயே வெயிட் பொருத்தியே வரும் மாடல்களில் இதைச் செய்ய முடியாது, அவற்றில் குழாயை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டியதுதான்.)

சரி, எதற்கு எவ்வளவு நேரம்? என் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன், எல்லாமே முதல் விசிலுக்குப் பிறகு சிம்மில், அடுப்பை அணைத்தபின் பிரஷர் தானாக அடங்கும் வரை விடுகிற நேரம் இதற்கு மேல். துவரம்பருப்பு அரை மணி ஊறியிருந்தால் 6 நிமிடம், ஊறாவிட்டால் 10. பாசிப்பருப்புக்கு 3 நிமிடமே அதிகம். முழு உருளைக்கிழங்கு நடுத்தர அளவு என்றால் 8. உள் பாத்திரத்தில் வைக்கும் பொன்னி புழுங்கலரிசி ஒன்றுக்கு மூன்று தண்ணீர், 10 நிமிடம். இரவு முழுக்க ஊறிய கொண்டைக்கடலை 15, மொச்சையும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆட்டுக்கறி இளசாக இருந்தால் 15, முற்றல் என்றால் 25 வரை போகும். உங்கள் அரிசிக்கும் பருப்புக்கும் ஓரிரு நிமிடம் முன்பின் ஆகலாம், ஒருமுறை செய்து பார்த்து அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள். வீட்டில் வேறு யார் சமைத்தாலும் உதவும்.

அணைத்தபின் அடங்குகிற அந்தப் பத்து நிமிடத்திலும் உள்ளே சமையல் நடந்துகொண்டுதான் இருக்கிறது, அதைக் குறைத்து எடைபோட வேண்டாம். கடலை வகைகளுக்கும் கறிக்கும் அது மிகவும் தேவை, அவசரமாக ஆவியை வெளியேற்றினால் கடலைத் தோல் உரிந்துபோகும், கறி இறுகிவிடும். பீன்ஸ், கேரட் மாதிரி காய்களுக்கு நேர்மாறு. விசில் வந்ததும் அணைத்து உடனே ஆவியை எடுத்துவிட்டால்தான் நிறமும் பதமும் நிற்கும்.

ராஜ்மா விஷயத்தில் மட்டும் கணக்கைக் குறைக்கவே குறைக்காதீர்கள். பச்சை ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்ற ஒருவகை நச்சுப் புரதம் வாந்தி, வயிற்றுப்போக்கு வரை கொண்டுவிடும், நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். இரவு முழுக்க ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் குறைந்தது 20 நிமிடம். அரைவேக்காட்டில் எடுத்துச் சாப்பிடவே கூடாது.

எல்லாம் சரியாகச் செய்தும் பருப்பு வேகவில்லை என்றால் குக்கரைத் திட்டுவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். சென்னைப் புறநகரில் நாங்கள் வீடு மாறியபோது முதல் ஒரு மாதம் துவரம்பருப்பு என்னை அழ வைத்துவிட்டது. அதே கடைப் பருப்பு, அதே குக்கர், 20 நிமிடம் வைத்தாலும் பருப்பு முழுசு முழுசாக நிற்கும். போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டினை இன்னும் இறுக்கிவிடுகின்றன என்பது பிறகுதான் தெரிந்தது. குடிக்கிற தண்ணீரை ஊற்றி வேகவைத்த அன்றே பருப்பு மத்துக்கு வேலையில்லாமல் குழைந்தது. அன்றிலிருந்து கழுவ மட்டும்தான் போர் தண்ணீர், ஊறவைக்கவும் வேகவைக்கவும் நல்ல தண்ணீர். சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டாலும் வெந்துவிடும்தான், ஆனால் பருப்பிலுள்ள தயாமின் (வைட்டமின் பி1) அதில் அழிந்துபோவதால் எனக்கு அதில் விருப்பமில்லை. புளியும் பருப்பை வேகவிடாது. ஒரே குக்கரில் புளிக்கரைசலையும் பருப்பையும் சேர்த்துப் போட்டு வேலையை முடிக்கப் பார்ப்பவர்கள் பருப்பு வெந்தபின் புளியை ஊற்றுங்கள். இவையெல்லாம் செய்தும் வேகாவிட்டால் பருப்பு பழையது, நாள்பட்ட பருப்புக்கு மருந்து கிடையாது.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருக்கிறவர்களுக்கு இது வேறு கணக்கு. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால்தான் சாதம் வேக நேரமாகிறது. குக்கருக்குள்ளும் நம் ஊரைவிட மூன்று நான்கு டிகிரி குறைவுதான். மேலே நான் சொன்ன நேரங்களோடு கால்வாசியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது மூடிக்கு வருவோம். இதை நிதானமாகப் படியுங்கள், தயவுசெய்து.

எங்கள் பெரியம்மா ஒருநாள் குக்கரைத் திறக்கும் முன் வழக்கம்போல வெயிட்டைக் கரண்டியால் தூக்கிப் பார்த்தார். ஆவி வரவில்லை. அடங்கிவிட்டது என்று மூடியைத் திருகினார், இறுக்கமாக இருக்கவே இன்னும் பலம் கொடுத்துத் திருகினார். கொதிக்கிற பருப்பு முழங்கை வரை தெறித்தது, புண் ஆற ஒன்றரை மாதம் ஆனது. நடந்தது இதுதான்: நீராவிக் குழாயில் பருப்புத் தோல் அடைத்திருந்தது. அடைத்த குழாயில் வெயிட்டைத் தூக்கினாலும் ஆவி வராது, உள்ளே பிரஷர் அப்படியே இருக்கும். ஆவி வராததை வைத்து மட்டும் திறக்கலாம் என்று முடிவு செய்யாதீர்கள். மூடி லேசாகத் திறக்க வேண்டும், திறக்க மறுத்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது என்று அர்த்தம். குக்கரை அப்படியே விட்டுவிட்டு அரை மணி கழித்து வாருங்கள், கைப்பிடியோடு மல்லுக்கட்ட வேண்டாம். உள்மூடி குக்கரில் இந்த ஆபத்து குறைவு, உள்ளேயிருந்து வரும் அழுத்தமே மூடியை விளிம்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், அடங்காமல் அது கீழே இறங்காது. பல வெளிமூடி குக்கர்கள் பலம் கொடுத்தால் திறந்துவிடும் என்பதால் அவற்றில்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

அதனால் சமைக்கும் முன் மூடியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக் குழாய் வழியாகப் பாருங்கள், மறுபக்க வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஒரு மெல்லிய கம்பியை விட்டுக் குடைந்து, தண்ணீர்க் குழாயடியில் பிடித்துக் கழுவுங்கள். ஐந்து விநாடி வேலை. பருப்பு பொங்கி மேலே ஏறுவதால்தான் இந்த அடைப்பே வருகிறது, குக்கரில் பாதிக்கு மேல் பருப்பும் தண்ணீரும் இருக்கக் கூடாது, ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டால் நுரையும் குறையும். மற்ற சமையலுக்கு மூன்றில் இரண்டு பங்கு வரை போகலாம். வெயிட்டிலிருந்து மஞ்சள் தண்ணீர் தெறிக்க ஆரம்பித்தால் அளவு அதிகம் அல்லது தீ அதிகம்.

சேஃப்டி வால்வு என்பது மூடியில் இருக்கும் அந்தச் சின்னப் பொத்தான். பெரும்பாலான குக்கர்களில் குறைந்த வெப்பத்தில் உருகுகிற உலோகக் கலவை அதில் வைத்திருப்பார்கள், தண்ணீர் வற்றிக் குக்கர் அதிகம் சூடானாலோ குழாய் அடைத்துப்போனாலோ அது உருகி வழிவிட்டுவிடும். உருகிவிட்டால் அதன் வேலையைச் செய்துவிட்டது என்று பொருள், புதிது மாற்றியே ஆக வேண்டும். மாவு வைத்து அடைப்பது, குச்சி செருகுவது, ஏதோ ஒரு திருகாணியைப் பொருத்துவது எல்லாம் உயிரோடு விளையாடுகிற காரியம். வாங்கும்போது உங்கள் குக்கர் கம்பெனியின் பெயரும் மாடலும் சொல்லி அதற்கே உரியதை வாங்குங்கள், பத்திருபது ரூபாய் மிச்சம் பார்க்கிற இடம் இது இல்லை. 1679-இல் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி லண்டனில் முதல் குக்கரைச் செய்தபோதே அதிகப்படி நீராவி வெளியேற ஒரு வால்வும் சேர்ந்தே வந்தது, அது இல்லாமல் இந்தப் பாத்திரத்தைப் பயன்படுத்த முடியாது என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. குக்கரே புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் ஐஎஸ்ஐ முத்திரையும் அதன் பக்கத்தில் பிரஷர் குக்கருக்கான தர எண்ணான ஐஎஸ் 2347-உம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையமான கேஸ்கட் தளர்ந்தால் அதற்கு முன்னறிவிப்பு உண்டு. வழக்கமாக ஆறு நிமிடத்தில் வரும் முதல் விசில் பத்தாகும், மூடியின் ஓரத்தில் தண்ணீர் கசியும், கைப்பிடி அருகே ஆவி வரும். ஃப்ரீசரில் பத்து நிமிடம் வைத்து எடுத்துப் போட்டால் சுருங்கி அன்றைய சமையலை ஓட்டிவிடும், ஆனால் அது ஒரு வேளைக்குத்தான், மறுநாளே புதிது வாங்கிவிடுங்கள். தினமும் சமைக்கிற வீட்டில் வருடத்துக்கு ஒன்று ஆகும். உபரியாக ஒன்று வாங்கி வீட்டில் வைத்திருப்பது நல்லது, கேஸ்கட் எப்போதும் விருந்தாளி வருகிற நாளில்தான் போகிறது.

அலுமினியக் குக்கரின் உள்பக்கம் கறுத்துப்போவதைப் பார்த்துப் பலர் கவலைப்படுகிறார்கள். உள் பாத்திரம் வைத்துச் சமைக்கும்போது அடியில் ஊற்றும் தண்ணீரில் பிழிந்த எலுமிச்சைத் தோலையோ புளிச்சக்கையையோ போட்டால் கறுக்காது. ஏற்கெனவே கறுத்திருந்தால் புளித் தண்ணீரைக் கறை மூழ்கும்வரை ஊற்றிக் கொஞ்ச நேரம் கொதிக்கவிட்டுத் தேயுங்கள். கம்பி நாரால் பளபளவென்று தேய்க்க ஆசைப்பட வேண்டாம், விளிம்பில் கீறல் விழுந்தால் கேஸ்கட் உட்காராது. அடியில் ஊற்றும் தண்ணீர் இரண்டு டம்ளருக்குக் குறையாமல் இருக்கட்டும், 25 நிமிடச் சமையல் என்றால் இன்னும் அரை டம்ளர்.

கழுவிய பிறகு மூடியைப் போட்டு இறுக்கி மூடி வைக்காதீர்கள். உள்ளே ஈரம் தங்கி மறுநாள் திறக்கும்போது வாடை அடிக்கும், கேஸ்கட்டும் அழுந்தியே கிடந்து வடிவம் கெடும். மூடியைக் கவிழ்த்துக் குக்கர்மேல் சும்மா வைத்துவிட்டு, கேஸ்கட்டைத் துடைத்து ஒரு ஆணியில் மாட்டுங்கள். வெயிட்டுக்கு எங்கள் வீட்டில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம், வேறெங்கும் வைப்பதில்லை.